ரூ காய்ப் பக்கம்: சப்பாத்து நனைந்த நாள்

இந்த முறை ரூ காயை விட்டுக் கொஞ்சம் தூரம் போய்வருவோம். கடைத்தெருச் சங்கதிகளை எதிர்பார்த்துப் பக்கத்தைப் பிரித்தவர்கள் பொறுத்தருள்க. முருங்கைக்காய் விலையும் மற்ற வழக்கமான சங்கதிகளும் அடுத்த முறை வரும்.

நான் எழுதப்போவது நடையைப் பற்றி. போர்த்துக்கல் நாட்டின் வடக்கே, சின்னச் சின்ன ஊர்களுக்கூடாக, ஒரு முழுநாள் கொட்டும் மழையில் நடந்த முப்பத்துமூன்று கிலோமீற்றர் நடை. "உமக்கென்ன விசரா? நாங்கள் நடந்தது காணாதா?" என்று கேட்பீர்கள். லாச்சப்பலில் இந்தப் பயணத்தைப் பற்றி நான் சொன்ன பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் கேட்டார்கள். மற்ற இருவரும் என் முழங்காலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். எட்டுப் பேரின் கேள்வி நியாயமானது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் நெடுங்காலம் கார்டியனாக இருந்த அம்மா ஒரு போர்த்துக்கேயர். பரிஸுக்குப் புதிதாக வரும் எம்மவர் குடும்பங்கள் பலவும் முதலில் முகம் பழகுவது இவர்களோடுதான். கடிதம் பிரித்துப் போடுவது, குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது, மாடிப்படி கூட்டுவது, இரவு பத்து மணிக்குப் பிறகு உரல் இடிக்கக்கூடாது என்று கதவில் தட்டிச் சொல்வது எல்லாம் அவர்கள். அவர்களின் யன்னலில் கறுப்பு நிறத்தில், சிவப்புக் கொண்டையோடு, பூப்போட்ட ஒரு சேவல் பொம்மை நிற்கும். பார்த்திருப்பீர்கள். அந்தச் சேவலின் கதை பிறகு வருகிறது.

இந்த அம்மாவின் கணவர் 1966இல் தன் ஊரை விட்டுப் புறப்பட்டவர். விமானத்தில் அல்ல. ராத்திரியில், கால்நடையாக, களவாக எல்லை கடந்து. அப்போது போர்த்துக்கலில் சலசாரின் சர்வாதிகாரம். 1961 தொடக்கம் அங்கோலா, கினி, மொசாம்பிக் என்று ஆபிரிக்காவில் யுத்தம். இளைஞர்களை வருடக்கணக்கில் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊரில் வறுமை. பாஸ்போட் எல்லோருக்கும் கொடுக்கமாட்டார்கள். ஆகவே எல்லையைத் தாண்டி ஸ்பெயினுக்குள் இறங்கி, அதையும் கடந்து, பிரனே மலையை ஏறி இறங்கி, பிரெஞ்சு எல்லை ஊரான ஓந்தாயில் ரயில் பிடித்துப் பரிஸுக்கு வந்தார்கள். இதற்கு அவர்களின் மொழியில் ‘பாய்ச்சல்’ என்று பெயர். பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டுவதற்கு ‘முயல் பாஸ்போட்’ என்று பகிடியாகப் பெயர். 1957க்கும் 1974க்கும் இடையில் சுமார் ஒன்பது இலட்சம் பேர் பிரான்சுக்கு வந்தார்கள். அதில் பாதிக்கு மேல் இப்படிக் களவாக வந்தவர்கள். வந்தவர்கள் எங்கே இருந்தார்கள்? பரிஸுக்குக் கிழக்கே ஷாம்பினியில், சேற்றுக்குள் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய குடிசைகளில். அங்கே மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்த காலம் உண்டு.

எம்மவர்கள் ஏஜென்சிக்காரர் என்று சொல்வோமே, அவர்களுக்கும் அப்படி ஆட்கள் இருந்தார்கள். காசு கொடுக்கும் முறையில் ஒரு தந்திரம் செய்தார்கள். புறப்படுபவர் தன் படம் ஒன்றை இரண்டாகக் கிழிப்பார். ஒரு பாதி வீட்டில். மற்றப் பாதி அவர் கையில். பிரான்சுக்கு வந்து சேர்ந்ததும் கையில் உள்ள பாதியை வீட்டுக்கு அனுப்புவார். இரண்டு துண்டும் பொருந்தினால்தான் வீட்டார் ஏஜென்சிக்கு மிச்சக் காசைக் கொடுப்பார்கள். மொஸ்கோவிலும் பாங்கொக்கிலும் முழுக் காசையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அறைக்குள் கிடந்த எம்மவர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

அந்த அம்மாதான் இந்தப் பாதையைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர். "எங்கள் ஊர்க் கோயிலடியால் இப்போது வெளிநாட்டுக்காரர் முதுகில் பையோடு நடந்து போகிறார்கள். எங்கள் ஆட்கள் இருட்டில் ஒளித்துப் போன மண்ணில் இவர்கள் பகலில் ஆசைக்கு நடக்கிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு மனதில் நின்றுவிட்டது.

பாதை என்பது புனித யாகப்பரின் கல்லறை என்று நம்பப்படும் இடத்துக்குப் போகிற யாத்திரைப் பாதை. குருநகர் யாகப்பர் கோயில் யாழ்ப்பாணத்தாருக்குத் தெரிந்த கோயில். 1993 நவம்பரில் குண்டு விழுந்ததே, அந்தக் கோயில். அதே யாகப்பர்தான். அவரது உடல் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் சந்தியாகோ டி கொம்பொஸ்தெலா என்ற ஊரில் இருப்பதாக ஆயிரம் வருடத்துக்கும் மேலான நம்பிக்கை. ஐரோப்பாவின் நாலா திசையிலிருந்தும் அங்கே நடந்து போனார்கள். பரிஸிலிருந்து போகிற பாதைதான் அதில் பெயர்போன ஒன்று. ஷத்லேயில் இறங்கினால் தனியாக ஒரு கோபுரம் நிற்கும், அது யாகப்பர் கோபுரம். 1509க்கும் 1523க்கும் இடையில் கட்டியது. அதற்குரிய கோயிலைப் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு இடித்துவிட்டார்கள். கோபுரம் மட்டும் மிஞ்சியது. வடக்கேயிருந்து வந்தவர்கள் சென் துனியைக் கடந்து, எங்கள் லாச்சப்பலைக் கடந்து, அங்கே போயிருக்க வேண்டும். ரூ காய் போய் முட்டுகிற போபூர் சென் துனி வீதி பழைய வீதி. நாங்கள் மரக்கறிப் பையோடு போகிற அதே வீதி.

போர்த்துக்கலிலிருந்து போகும் பாதை வேறு. லிஸ்பனிலிருந்து புறப்பட்டால் அறுநூறு கிலோமீற்றருக்கு மேல். போர்ட்டோ நகரத்துப் பெரிய கோயிலிலிருந்து புறப்பட்டால் இருநூற்றி நாற்பது அளவு. வழி முழுக்கக் கல்லிலும் மதிலிலும் மின்சாரக் கம்பத்திலும் மஞ்சள் அம்புக்குறி கீறியிருப்பார்கள். அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டு போனால் வழி தவறாது. எதிர்த்திசையில் நீல அம்புக்குறியும் உண்டு. அது பாத்திமா மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு. ஒரே மதிலில் மஞ்சள் வடக்கே காட்டும், நீலம் தெற்கே காட்டும். போகிறவர்களிடம் ஒரு மடிப்புப் புத்தகம் இருக்கும். தங்கும் விடுதியில், கோயிலில், தேநீர்க்கடையில் அதில் முத்திரை குத்துவார்கள். கடைசி நூறு கிலோமீற்றராவது நடந்தவர்களுக்குச் சந்தியாகோவில் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அகதி அந்தஸ்துக் கிடைத்து, வதிவிட அட்டையும் ‘தித்ர் து வொயாஜ்’ என்ற பயணப் பத்திரமும் கையில் இருந்தால் போர்த்துக்கலுக்கோ ஸ்பெயினுக்கோ வேறு விசா வேண்டியதில்லை, மூன்று மாதம் வரை தங்கலாம். இன்னும் ஒப்ராவின் முடிவுக்குக் காத்திருப்பவர்கள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு எல்லை கடக்கக்கூடாது. யாரும் ஆசை காட்டினாலும் போகவேண்டாம். நடக்க ஆசை என்றால் லாச்சப்பலிலிருந்து பத்து நிமிடத்தில் லா வில்லெத் குளம். அங்கிருந்து ஊர்க் கால்வாய்க் கரையோரம் கிழக்கே எவ்வளவு தூரமும் நடக்கலாம். கால்வாய் நூறு கிலோமீற்றருக்கு மேல் போகிறது. கட்டணம் இல்லை, காட்ட வேண்டிய தாளும் இல்லை.

நானும் என் மகனும் ஒக்டோபர் கடைசி விடுமுறையில் போனோம். அவனுக்கு வயது பத்தொன்பது. இங்கே, லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். மழைக்காலத்தில் போனால் விடுதிகளில் இடம் தாராளம் என்று கணக்குப் போட்டோம். அந்தக் கணக்குச் சரி. மழையைப் பற்றிய கணக்கை வானம் போட்டது. அத்திலாந்திக் கடலிலிருந்து வரும் முகில் முதலில் முட்டுவது இந்த மின்யோ மாகாணத்து மலைகளில்தான். போர்த்துக்கலிலேயே மழை கூடிய பக்கம் இது. எல்லாம் பச்சை. சுவர்கூடப் பச்சை.

மூன்றாம் நாள் பார்செலோஸ் என்ற ஊரிலிருந்து பொன்டே டி லிமா என்ற ஊருக்கு. பாதையிலே நீளமான நாட்களில் ஒன்று. பார்செலோஸ்தான் அந்தச் சேவலின் ஊர். யாத்திரை போன ஒரு வெளியூர்க்காரனைக் களவுக் குற்றம் சாட்டித் தூக்கிலிடத் தீர்த்தார்களாம். அவன் நீதிபதியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். நீதிபதி விருந்து உண்டுகொண்டிருந்தார். மேசையில் பொரித்த சேவல். "நான் குற்றமற்றவன் என்றால் என்னைத் தூக்கிலிடும்போது இந்தச் சேவல் கூவும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சேவல் கூவியது. நீதிபதி எழுந்து ஓடி அவனைக் காப்பாற்றினார். முதலில் ஒப்ராவில் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் வென்ற எம்மவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. சேவலுக்கு எங்கே போவது என்பதுதான் பிரச்சினை.

காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டோம். ஊர் எல்லை கழியுமுன் தூறல் தொடங்கியது. லிஜோ என்ற சிற்றூரை அடையும்போது மழை கயிறாக இறங்கியது. பாதை கருங்கல் பதித்த ஒழுங்கை. இரண்டு பக்கமும் ஆளுயர மதில். எங்கள் ஊர் ஒழுங்கைகள் நினைவுக்கு வரும், கிடுகு வேலிக்குப் பதிலாகக் கல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கருங்கல் தூண்களில் தலைக்குமேல் முந்திரிகைப் பந்தல். வீட்டுக்கு வீடு நெடிதுயர்ந்த கோவா இலைச் செடிகள், அடியிலைகளைப் பறித்துப் பறித்து மேலே வளரவிட்டவை. கோர்னர்களில் நெல்லுக்கு வைப்பதுபோலக் கல்லுக் காலில் நிற்கும் சோளப் பெட்டகங்கள். மனிதரைக் காணவில்லை. நாய்கள் மட்டும் கடமைக்குக் குரைத்தன.

ஒரு தேநீர்க்கடையில் ஒதுங்கினோம். கடைக்கார அம்மா என் காலைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்குப் போர்த்துக்கேய மொழி தெரியாது. ஆனால் ஒரு சொல் விளங்கியது. ‘சப்பாத்து’. சப்பாத்து நனைந்துவிட்டது என்கிறார்! மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அந்தக் கடைக்குள் இருவரும் விளையாட்டாகக் கைகாட்டத் தொடங்கினோம். மேசையைக் காட்டினால் ‘மேசா’. கதிரையைக் காட்டினால் ‘கதெய்ரா’. யன்னல் ‘யனேலா’. அலுமாரி ‘அர்மாரியு’. முகம் துடைக்கத் தந்த துவாய் ‘துவால்யா’. வாங்கு ‘பாங்கு’. பாண், அங்கேயும் கிட்டத்தட்டப் பாண்தான். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாங்கள் எந்த நாடு என்று கேட்டார். சிலோன் என்று சொன்னதும் ‘செய்லாவோ’ என்று தலையாட்டினார்.

இவர்களின் தளபதிகள் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்து இவர்களைக் கோட்டையிலிருந்து துரத்தினார்கள். நாற்பது வருடம்கூட முழுசாக இல்லை. ஆனால் நாங்கள் இருக்கிற கதிரையும் தின்கிற பாணும் போடுகிற சப்பாத்தும் இன்னும் அவர்களின் சொல்லில்தான் இருக்கின்றன. அந்தக் கடைக்கார அம்மாவின் முப்பாட்டன்மார் நல்லூரை இடிக்க வந்திருக்கமாட்டார்கள். இந்த மலையில் சோளம் விதைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு மொழியும் இல்லை, மனமும் இல்லை. கோப்பிக்குக் காசு கொடுத்து, முத்திரை குத்திக்கொண்டு வெளிக்கிட்டோம். வாசல்வரை வந்து வழி வாழ்த்துச் சொன்னார்.

ஏற்றத்தில் தாமெல் என்று ஒரு ஊர். பெயர்ப்பலகையைப் பார்த்து மகன் படம் எடுத்தான். "அப்பா, தமிழ் என்று எழுதத் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள்" என்றான். அதற்கு அப்பால் யூக்கலிப்டஸ் காடு. மழையில் அந்த மரங்களின் மணம் பனிக்காலத்துக்குப் பூசும் தைலம்போல் இருந்தது. பாதையே ஒரு வாய்க்கால் ஆகிவிட்டது. கல்லில் கால் வைத்தால் வழுக்கியது, கல்லுக்கு வெளியே வைத்தால் கணுக்கால் வரை தண்ணீர். பிறகு எதைப் பார்த்து வைப்பது என்ற கவலையே போய்விட்டது. முழுதும் நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு?

ஆனால் அந்தக் காட்டைக் கடந்ததும் நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டேன். வீடுகள். பெரிய வீடுகள். இரண்டு மாடி, மூன்று மாடி, பளிங்குப் படி, இரும்புக் கேற், முன்னால் சிங்கச் சிலை. எல்லாம் பூட்டிக் கிடந்தன. யன்னல்களின் சுருட்டுத் தகடுகள் இறக்கியபடி. கேற்றில் பாசி. இவை பிரான்சில் கட்டட வேலையும் வீடு துப்பரவும் செய்து உழைத்தவர்களின் வீடுகள். ஓகஸ்ட் மாதம் நான்கு கிழமை வந்து இருப்பார்கள், திருவிழா செய்வார்கள், பிள்ளைகளின் கலியாணத்தை அங்கே வைப்பார்கள். மற்றப் பதினொரு மாதமும் மழைதான் குடியிருக்கும். ஷாம்பினியில் தகரக் கொட்டிலில் படுத்துக்கொண்டு கல்லுக் கல்லாகச் சேர்த்த வீடு. எங்கள் ஊரிலும் இப்போது இப்படி வீடுகள் உண்டு. கொழும்பிலிருந்து தாத்தாவோ பெரியம்மாவோ போய்த் திறந்து கூட்டிவிட்டு வருகிற வீடுகள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மகன்தான் கேட்டான், "இவர்களின் பிள்ளைகள் திரும்பி வந்து இருக்கமாட்டார்களா?" என்று. ஐம்பது வருடமாக அவர்கள் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பூட்டிய கேற்தான் பதில்.

நெய்வா என்ற சின்ன ஆற்றுக்கு மேல் பழைய கல்பாலம் ஒன்று. பலகைப் பாலம் என்று பெயர், ஆனால் கல். ஆறு கரைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தில் நின்று பாண் தின்றோம். அங்கே வைத்துத்தான் அவன் கேட்டான்: "அப்பா, நீங்கள் அன்றைக்கு எத்தனை கிலோமீற்றர் நடந்தீர்கள்?"

அன்றைக்கு என்றால் எந்த நாள் என்று யாழ்ப்பாணத்தார் வீட்டில் கேட்க வேண்டியதில்லை. 30 ஒக்டோபர் 1995. பிள்ளைகளுக்கு அது ‘இடப்பெயர்வு’ என்ற ஒரு சொல். ஒப்ராவுக்கு எழுதிக்கொடுத்த கதையில் அது இரண்டு வரி. இந்தத் திகதியில் கோண்டாவிலிலிருந்து இடம்பெயர்ந்து சாவகச்சேரி சென்றோம். அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளரும் அதிகாரியும் அடுத்த பந்திக்குப் போய்விட்டார்கள்.

ஆகவே பாலத்திலிருந்து நடந்துகொண்டே சொல்லத் தொடங்கினேன். பின்னேரம் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள், இராணுவம் நெருங்குகிறது, எல்லோரும் வலிகாமத்தை விட்டு வெளியேறுங்கள் என்று இயக்கத்தின் அறிவித்தல். உலையில் இருந்த சோற்றை இறக்கினோம். தின்னவில்லை. சைக்கிள் இரண்டு. ஒன்றில் அரிசியும் உடுப்பும். மற்றதின் கரியரில் அம்மம்மா. கோண்டாவில், திருநெல்வேலி, நல்லூர், பிறகு செம்மணி வெளி. அந்த வெளியில் ஒதுங்க ஒரு மரம் இல்லை. அங்கேதான் மழை பிடித்தது. நான்கு ஐந்து இலட்சம் சனம் என்று பிறகு சொன்னார்கள். ரோட்டில் நாங்கள் கண்டது தலைகள் மட்டும். கால் நிலத்தில் வைக்க இடமில்லை. தண்ணீர் விடாய்க்கு, குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத் தண்ணீரைச் சேர்த்துக் குடித்தார்கள். நாங்களும் குடித்தோம். நாவற்குழிப் பாலத்தை அடையும்போது விடியப்போகிறது. ஒடுங்கிய பாலம். அதில் நெரிபட்டவர்கள் தங்கள் ஆட்கள் தவறாமல் இருக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். இருட்டில் நூறு பெயர்கள், எல்லாம் சேர்ந்து ஒரே சத்தம். ஒரே பெயருக்குப் பத்துப் பேர் ஓம் போட்டார்கள். பிறகு கைதடி, நுணாவில், சாவகச்சேரி. மத்தியானம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம், கோயில், கடை விறாந்தை எல்லாம் நிறைந்து சனம். நாங்கள் மீசாலை வரை போய் ஒரு வீட்டு மாட்டுக்கொட்டிலில் இருந்தோம். அம்மம்மா அங்கேதான் மூன்றாம் கிழமை செத்தா. காய்ச்சல். ஊர்ச் சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லை.

"எத்தனை கிலோமீற்றர்?" என்று திரும்பவும் கேட்டான்.

"இருபத்தி ஒன்று, இருபத்திரண்டு இருக்கும்" என்றேன்.

"இன்றைக்கு நாங்கள் அதைவிடக் கூட நடக்கிறோமே."

ஓம், கூடத்தான். ஆனால் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு விருப்பமில்லை. இங்கே என் பையில் மாற்றுடுப்பு இருக்கிறது, பொக்கற்றில் அட்டை இருக்கிறது, இரவு படுக்க ஒரு கட்டில் இருக்கிறது. விருப்பமில்லை என்றால் அடுத்த ஊரில் ரக்சி பிடிக்கலாம். பிரெஞ்சுக்காரர் சிலர் ‘நடை எல்லோரையும் சமமாக்கும்’ என்று எழுதுகிறார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போகக்கூடியவர்களைச் சமமாக்கும் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

அதே நேரம், எங்களுக்கு நடை என்றால் ஓட்டம் மட்டும்தான் என்பதும் சரியில்லை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போன வழக்கம் எங்களுடையது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை, பிறகு குமணைக் காடும் யாலைக் காடும். ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். ஆடித் திருவிழாவுக்கு அங்கே நிற்க வேண்டும். வழியில் ஊர் ஊராகச் சோறு கொடுப்பார்கள், கோயில் மடத்தில் படுப்பார்கள். யுத்தம் அந்தப் பாதையைத் துண்டு துண்டாக வெட்டியது. இப்போது சந்நிதியிலிருந்தே திரும்பவும் போகிறார்கள். அதில் முத்திரைப் புத்தகம் இல்லை, மஞ்சள் அம்புக்குறி இல்லை. வேல் முன்னால் போகும், சனம் பின்னால் போகும். இதை மகனுக்குச் சொன்னபோது, "அதற்கு எத்தனை நாள் லீவு வேண்டும்?" என்று கேட்டான். இங்கே பிறந்த பிள்ளையின் கேள்வி.

பலுகாயெஸ் என்ற ஊர்க் கடையில் மத்தியானச் சாப்பாடு. அவர்களின் பச்சைச் சூப். உருளைக்கிழங்கை அவித்து மசித்து, வீட்டில் வளர்க்கிற அந்தக் கோவா இலையை வறைக்கு அரிவதுபோல நூலாக அரிந்து போடுவது. பன்றி இறைச்சித் துண்டு ஒன்று மிதக்கும். வேண்டாம் என்றால் போடமாட்டார்கள். சோளமாப் பாண் பக்கத்தில். குளிரில் விறைத்த கைக்கு அந்தக் கோப்பையைப் பிடிப்பதே சாப்பாடு. வீட்டில் செய்து பார்க்கலாம். லாச்சப்பல் கடைகளில் அந்தக் கோவா கிடைக்காவிட்டால் கறுப்புப் பச்சை நிறத்தில் சுருண்ட கேல் இலை போதும். ஒரு உள்ளி நசுக்கிப் போடுங்கள். எம்மவர் நாக்குக்கு மிளகாய் கொஞ்சம் தேவைப்படும், அதில் பாவமில்லை.

அதற்குப் பிறகு வித்தொரினோ, பாஷா என்று ஊர்கள். சொல்ல அதிகமில்லை. மழை, மதில், மழை. கால் வலி தொடங்கிய பிறகு மனிதன் ஊரைப் பார்ப்பதில்லை, அம்புக்குறியைத்தான் பார்க்கிறான். மகன் முன்னால் போனான், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பிப் பார்த்தான்.

இருட்டுகிற நேரம் லிமா ஆற்றங்கரைக்கு வந்தோம். பரிஸ் புல்வார்களில் நிற்கிற அதே பிளாத்தான் மரங்கள் ஆற்றோரம் வரிசையாக. அதற்கப்பால் நீண்ட பழைய பாலம், சில வளைவுகள் ரோமர் காலத்தவை, மிச்சம் மத்திய காலத்தவை. இந்த ஆற்றுக்கு ஒரு கதை இருக்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமப் படை ஒன்று இங்கே வந்து நின்றதாம். இது மறதி ஆறு, இதைக் கடந்தவனுக்கு ஊர், வீடு, பெண்டு பிள்ளை ஒன்றும் நினைவில் இராது என்று சிப்பாய்கள் பயந்து இறங்க மறுத்தார்கள். தளபதி தேசிமுஸ் புரூட்டுஸ் தானே கொடியைத் தூக்கிக்கொண்டு கடந்தான். மறுகரையில் நின்று ஒவ்வொரு சிப்பாயையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பெயர் மறக்கவில்லை என்று கண்ட பிறகுதான் அவர்கள் கடந்தார்கள். இந்தக் கரையில் சிப்பாய்களின் சிலைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள், அந்தக் கரையில் குதிரையில் தளபதி.

மகன் பலகையில் எழுதியிருந்ததை வாசித்து எனக்குச் சொன்னான். பிறகு பாலத்தில் ஏறினோம். நடுவில் வைத்து, "பூட்டியின் பெயர் என்ன?" என்று கேட்டான். சொன்னேன். ஒருமுறை திருப்பிச் சொன்னான். உச்சரிப்புப் பிழை. திருத்தினேன்.

விடுதி பாலத்தின் அடுத்த முனையிலேயே இருந்தது. சுடுதண்ணீர் இருந்தது. வாசலில் இருபது சோடிச் சப்பாத்துகள், எல்லாவற்றிலும் பழைய பத்திரிகைத் தாள் அடைத்து வைத்திருந்தார்கள், ஈரம் உறிஞ்ச. எங்களுக்கும் ஒரு கட்டுத் தாள் தந்தார்கள். மறுநாள் லாப்ரூஜா மலை ஏற்றம். அதில் பாதிவழியில் ‘பிரெஞ்சுக்காரர் சிலுவை’ என்று ஒன்று இருக்கிறது. 1809இல் நெப்போலியனின் படையில் பின்தங்கியவர்களை ஊர்ச்சனம் மறித்துத் தாக்கிய இடமாம். அங்கே வாயைத் திறந்து பிரெஞ்சு பேசவேண்டாம் என்று மகனுக்குச் சொல்லிவைத்துவிட்டுப் படுத்தேன்.